ச்சீ அக்கா கழுவிய கம்பிகள்

காலையில் கம்பெனி வேனை விட்டு இறங்கியதும் அவர் சொல்லும் முதல் சொல் ‘ச்சீ’. வேன் கதவின் கைப்பிடியை யாரோ எண்ணெய் வடியும் ரொட்டி சானாய் தின்ற கையோடு பிடித்திருப்பார்கள். இரண்டாவது ‘ச்சீ’ வருகை அட்டை குத்தும் இடத்தில். மூன்றாவது உடை மாற்றும் அறையில், முந்தின நாள் யாரோ கழற்றிப் போட்ட ரப்பர் கையுறையை முகர்ந்து பார்த்துவிட்டு. எட்டு மணிக்கு வேலை தொடங்குவதற்குள் எங்களில் பாதிப் பேர் அருவருக்கத் தக்கவர்கள் என்று முடிவாகியிருக்கும்.

நேப்பாளத்திலிருந்து வந்த தொழிலாளர்கள் அதையே அவருடைய பெயர் என்று நினைத்தார்கள். “அக்கா ச்சீ மானா?” என்று, ச்சீ அக்கா எங்கே என்பதை அரைகுறை மலாயில் கேட்டுக்கொண்டு வருவார்கள். நாங்களும் அவர் இல்லாத இடத்தில் ச்சீ அக்கா என்றுதான் சொன்னோம். அவருக்கு அழகான பெயர் ஒன்று இருந்தது. அதை நான் ஒருமுறை ஒரு காகிதத்தில் எழுதக் கூடாத விதத்தில் எழுதினேன். அதனால் இங்கே எழுதப் போவதில்லை.

கிள்ளானில் மேரு பக்கம் இருந்த ஒரு பெயிண்ட் பட்டறை அது. மற்ற கம்பெனிகள் செய்த இரும்புச் சாமான்கள் எங்களிடம் வரும், பெயிண்ட் அடித்துத் திருப்பி அனுப்புவோம். நான் அங்கே தரக் கட்டுப்பாட்டு மேலாளர். வேதியியலில் பட்டம் பெற்றவன். கழுத்துப்பட்டை கட்டிய நான்கு பேரில் ஒருவன். அவர் கழுவும் பிரிவில் இருந்தார். கேரித் தீவில் செம்பனைத் தோட்டத்தில் பிறந்தவர், தோட்டத்துத் தமிழ்ப்பள்ளியில் ஆறாம் வகுப்பு வரை படித்தவர். நான் சொல்லப்போகும் காலத்தில் அவருக்கு நாற்பத்தெட்டு வயது இருக்கும்.

குரோம் பூசிய இரும்பின் மேல் பெயிண்ட் அடிப்பது வம்பான வேலை. அது கண்ணாடி மாதிரி வழவழப்பாக இருக்கும். பெயிண்ட்டுக்குப் பிடித்துக்கொள்ள இடமே கிடையாது. அடித்த அன்று அழகாக இருக்கும், ஒரு மாதத்தில் உரியும். உரியாமல் இருக்க வேண்டுமானால் முதலில் சூடான காரத் தண்ணீரில் கழுவி எண்ணெயையும் பாலிஷ் மெழுகையும் எடுக்க வேண்டும். பிறகு பளபளப்பு செத்துச் சாம்பல் நிறமாகும் வரை சேண்ட் பேப்பர் போட்டுத் தேய்க்க வேண்டும். மறுபடி கழுவி, தின்னர் தொட்ட சுத்தமான துணியால் துடைத்து, வெறுங்கை படாமல் அன்றைக்கே பிரைமர் என்ற முதல் பூச்சை அடித்துவிட வேண்டும். இதையெல்லாம் ஆங்கிலத்தில் ஒரு பக்கம் எழுதிச் சுவரில் ஒட்டியிருந்தேன். அவர் அதைப் படித்ததில்லை. அந்தக் காகிதத்தின் ஓரத்திலிருந்த விரல் கறையைப் பார்த்து ‘ச்சீ’ என்றதோடு சரி.

ஆனால் அதில் எழுதியிருந்ததைவிட அதிகமாகவே அவருக்குத் தெரியும். புதிதாக வந்தவர்கள் கழுவாமலே தேய்க்கத் தொடங்கினால் பின்னால் போய் நின்றுகொள்வார்.

“என்னா செய்ற நீ?”

“தேய்க்கிறேன்க்கா.”

“அழுக்கோட தேய்ச்சா அழுக்கு போவுமா? அத இன்னும் உள்ள ஏத்துற. மொதல்ல கழுவு. ஒன் மூஞ்சியில பவுடர் போடுறதுக்கு முன்ன கழுவுவியா, பின்ன கழுவுவியா? கழுவுறதே இல்லியா? ச்சீ.”

கழுவிய கம்பி சுத்தமா இல்லையா என்று பார்க்க அவரிடம் ஒரு வழி இருந்தது. பிளாஸ்டிக் குவளையில் தண்ணீர் எடுத்துக் கம்பியின் மேல் மெதுவாக ஊற்றுவார். இருபது வரை எண்ணுவார். தண்ணீர் ஒரே போர்வையாகக் கம்பியை மூடிக்கொண்டு நின்றால் சுத்தம். எங்காவது விலகினால், முத்து முத்தாகத் திரண்டால், அங்கே எண்ணெய் இருக்கிறது. இது புத்தகத்தில் இருக்கும் சோதனைதான். நான்தான் முதல் வாரத்தில் அவருக்குக் காட்டினேன். அதற்குப் பிறகு நான் செய்ததில்லை, அவர் ஒரு நாளும் செய்யாமல் இருந்ததில்லை.

துடைக்கும் துணிக்கும் சட்டம் உண்டு. நான்காக மடித்து, ஒரு முகத்தால் ஒரே ஒரு இழுப்பு. பிறகு மடிப்பை மாற்ற வேண்டும். எட்டு முகமும் தீர்ந்தால் துணி குப்பைக்குப் போகும். அதே முகத்தால் இரண்டாவது முறை துடைப்பவரை அவர் பார்த்த பார்வையை, எச்சில் இலையில் சாப்பிடுகிறவரைப் பார்ப்பது போன்றது என்றுதான் சொல்ல முடியும். தன் பிரிவில் யாரும் தலைக்குத் தேங்காய் எண்ணெய் தேய்த்துக்கொண்டு வரக்கூடாது என்று வைத்திருந்தார். அவரும் திங்கள் முதல் வெள்ளி வரை தேய்க்க மாட்டார். சனிக்கிழமை மாலை தேய்த்து ஞாயிற்றுக்கிழமை சீயக்காய் போட்டுக் குளித்துவிடுவார். வறண்டு செம்பட்டையாகிப் போன அந்தத் தலைமுடிக்காகச் சொந்தக்காரர்கள் கேலி செய்வார்கள் என்று ஒருமுறை சொன்னார்.

“கல்யாண வீட்டுல கேக்குறாங்க சார், ஏன்டி தல தேங்கா நாராட்டம் இருக்குன்னு. கம்பிக்காகன்னு சொன்னா சிரிக்கிறாங்க.”

ஒரு வருஷம் முதலாளி எங்கள் எல்லாரையும் பிரிக்பீல்ட்ஸுக்கு அழைத்துப் போய் வாழையிலைச் சாப்பாடு வாங்கிக் கொடுத்தார். இலை போட்டார்கள். எல்லாரும் தண்ணீர் தெளித்தோம். அவர் தெளித்துவிட்டுக் குனிந்து பார்த்தார். வாழையிலையில் தண்ணீர் எப்போதும் உருண்டுதான் ஓடும். நாங்கள் அவர் வாயையே பார்த்துக்கொண்டிருந்தோம்.

“இதுல பெயிண்ட் நிக்காது லா,” என்றார்.

அன்று மேசையே குலுங்கியது. சிரித்ததில் அவர் கண்ணிலும் தண்ணீர். அவரை எனக்குப் பிடித்த நாள் என்று அந்த ஒரு நாளைத்தான் சொல்ல முடிகிறது. மற்ற நாட்களில் எனக்கு அவரைப் பிடிக்கவில்லை. இதை எழுதுவதற்கு அதுதான் காரணம்.

பிடிக்காமல் போனது எந்த நாளில் என்றும் தெரியும். தேநீர் இடைவேளை முடிந்து அவருடைய பிரிவுக்குப் போனேன். கழுவித் தேய்த்த தகடு ஒன்று மேசையில் இருந்தது. ஏதோ கேட்டுக்கொண்டே அதன்மேல் கையை ஊன்றினேன். வடை தின்ற கை. அவர் என் மணிக்கட்டைத் தன் கையுறைக் கையால் பிடித்துத் தூக்கி ஓரமாக வைத்தார், செத்த எலியைத் தூக்கி வைப்பது போல. குவளைத் தண்ணீரை எடுத்துத் தகட்டின் மேல் ஊற்றினார். தண்ணீர் முழுவதும் பரவி, ஒரு உள்ளங்கையும் ஐந்து விரலும் இருந்த இடத்தில் மட்டும் விலகி நின்றது.

“எல்லாரும் வாங்க, பாருங்க. சார் கை,” என்றார். “பெரிய படிப்புப் படிச்ச கை. தண்ணியே ஒதுங்கிப் போவுது.”

எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அன்று வீட்டுக்குப் போய் இரண்டு முறை சோப்புப் போட்டுக் கையைக் கழுவினேன். அவர் சொன்னதில் தப்பே இல்லை. அதனால்தான் பொறுக்க முடியவில்லை.

பதினொரு வருஷத்துக்கு முன் பஸ் கம்பெனி ஒன்றிலிருந்து இருநூறு கம்பிகள் வந்தன. பஸ்ஸுக்குள் பயணிகள் பிடித்துக்கொண்டு நிற்கும் குரோம் கம்பிகள். வயதானவர்களின் கண்ணுக்குத் தெரியும்படி மஞ்சள் அடிக்க வேண்டும். மனிதக் கை ஓயாமல் படும் இடம், வியர்வை படும் இடம். அவர் மூன்று நாள் அந்தக் கம்பிகளோடு மல்லுக்கட்டினார். ஆயுத பூஜையன்று காலை பத்து மணிக்கு இருநூறும் கழுவி, தேய்த்து, துடைத்து, சாம்பல் நிறத்தில் சட்டங்களில் தொங்கின. மதியம் பிரைமர் அடிக்க வேண்டும். அவருடைய ஆட்கள் பூஜைக்குப் போனார்கள். அவர் கையுறையைக் கழற்றிவிட்டு முகம் கழுவப் போனார்.

முதலாளி பக்திமான். கெட்டவர் என்று சொல்ல மாட்டேன். அவர் மனைவி விளக்குக்கு நல்லெண்ணெய் ஊற்றி, திரி திருத்தி, வடைக்கும் கொண்டைக்கடலைக்கும் நடுவில் நின்று எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தார். காற்றழுத்த எந்திரத்துக்குச் சந்தனம், குங்குமம். லோரிக்கு, பளு தூக்கும் வண்டிக்கு, பெயிண்ட் துப்பாக்கிகளுக்கு, என் மேசைமேல் இருந்த அளவுகோலுக்குக்கூட. பிறகு அந்த அம்மாள் தொங்கிக்கொண்டிருந்த கம்பிகளைப் பார்த்தார்.

“இதுவும்தான நமக்குச் சோறு போடுது,” என்று சொல்லிச் சந்தனக் கிண்ணத்தோடு போனார். ஒவ்வொரு கம்பிக்கும் நெஞ்சு உயரத்தில் ஒரு பொட்டு. இடது கையால் கம்பியைப் பிடித்துக்கொண்டு வலது கையால் பொட்டு. பின்னாலேயே இரண்டு பெண்கள் குங்குமத்தோடு போனார்கள். நான் மூன்றடி தூரத்தில் நின்றேன். தடுத்திருக்கலாம். ‘அம்மா, இது வேண்டாம்’ என்ற ஒரு வாக்கியம் போதும். அந்த அம்மாளின் பட்டுப்புடவையையும் முதலாளியின் கூப்பிய கையையும் பார்த்துக்கொண்டு நானும் கைகூப்பி நின்றேன்.

முகம் கழுவப் போயிருந்தவர் துடைத்துக்கொண்டு உள்ளே வந்தார். பார்த்தார்.

“ச்சீ.”

மணியை ஆட்டிக்கொண்டிருந்தவர் நிறுத்திவிட்டார்.

அவர் யாரையும் பார்க்கவில்லை. நேரே போய்த் துணியை எடுத்துத் தின்னரில் நனைத்து முதல் கம்பியைத் துடைக்கத் தொடங்கினார். குங்குமம் சிவப்பாகக் கம்பியில் வழிந்தது. முதலாளியின் மனைவி வாயில் முந்தானையை வைத்துக்கொண்டார்.

“நிறுத்து,” என்றார் முதலாளி. “என்ன காரியம் செய்ற? சாமி பொட்ட அழிக்கிற. ச்சீன்னு வேற சொல்ற.”

“சாமியச் சொல்லலங்க மொதலாளி. எண்ணெயச் சொன்னேன். அம்மா கையில வெளக்குக்கு ஊத்துன எண்ணெ இருக்கு, நெய் இருக்கு. எல்லாக் கம்பியிலயும் புடிச்சிருக்காங்க.”

“என் வீட்டம்மா கை ஒனக்கு அழுக்கா?”

“யாரு கையும் அழுக்குதாங்க. எங் கையும்தான்.” அவர் சாதாரணமாகத்தான் சொன்னார். “நாலு மணி நேரம் குடுங்க. எல்லாத்தையும் திருப்பிக் கழுவிடுறேன்.”

“கழுவி? பூஜை பண்ணுன குங்குமத்தச் சாக்கடையில விடுவியா? நல்ல நாளும் அதுவுமா?”

அப்போது அவர் என் பக்கம் திரும்பினார். கூட்டம் முழுவதும் திரும்பியது.

“சார், நீங்க படிச்சவங்க. நீங்க சொல்லுங்க. இதும்மேல அடிச்சா நிக்குமா?”

நிற்காது. எனக்கு நன்றாகத் தெரியும். என் பட்டம், முப்பது வருஷ வேலை, சுவரில் நானே ஒட்டிய காகிதம் எல்லாம் சேர்ந்து அதைத்தான் சொல்லின. நான் தொண்டையைச் செருமிக்கொண்டு, எனக்கே பிடித்துப்போன ஒரு குரலில் பேசினேன்.

“ஒன்னு செய்யலாம் முதலாளி. தண்ணி ஊத்த வேணாம். ஒரு புதுத் துணி எடுத்து, பக்தியோட பொட்ட மட்டும் ஒத்தி எடுத்துருவோம். அந்தத் துணியக் கொண்டுபோய் ஆத்துல விட்டுரலாம். சாமிக்கும் குத்தமில்ல, வேலையும் நிக்காது.”

முதலாளியின் முகம் மலர்ந்தது. அந்த அம்மாள் என்னைக் கும்பிட்டார். “படிச்சவங்க படிச்சவங்கதான்,” என்று பின்னால் யாரோ சொன்னார்கள்.

நானே துடைத்தேன். வெள்ளைத் துணி. ஆற்றில் விடவேண்டிய துணி என்பதால் ஒன்றே ஒன்று. முதல் கம்பியில் எடுத்த எண்ணெயை இரண்டாவதில் தடவி, இரண்டாவதின் சந்தனத்தை மூன்றாவதில் தடவி, மேலும் கீழுமாக, இருநூறு கம்பிகளையும். ஐம்பதாவது கம்பிக்கு வந்தபோது துணி ஈரமாகிக் கறுத்துப் பிசுபிசுத்தது. விரலிடுக்கில் அந்தப் பிசுபிசுப்பை இப்போதும் உணர்கிறேன். நான் செய்தது வேதியியல் படித்த ஒருவன் செய்யக்கூடிய மிக அசிங்கமான வேலை. அதை நெற்றியில் திருநீறோடு செய்தேன். அவர் கைகட்டிக்கொண்டு கடைசிக் கம்பி வரை பார்த்துக்கொண்டு நின்றார்.

இதோடு முடிந்திருந்தால் கோழைத்தனம் என்று மட்டும் சொல்லிக்கொள்ளலாம். முடியவில்லை.

பூஜை முடிந்து முதலாளி குடும்பத்தோடு சாப்பிடப் போய்விட்டார். துணியை லோரிக்காரர் எடுத்துப் போய்விட்டார். பொட்டு இல்லை, குங்குமம் இல்லை, இனி சாக்கடையில் போக எதுவும் இல்லை. ச்சீ அக்கா என் அறைக்கு வந்தார்.

“சார், இப்பக் கழுவிடவா? ஆளுங்க இருக்காங்க. நாளன்னிக்குக் காலையிலதான லோரி? இன்னிக்கே பிரைமர் அடிச்சிரலாம், நாளைக்கு மஞ்ச.”

“வேணாம்மா. அதான் நான் தொடச்சிருக்கேன்ல.”

“நீங்க தொடச்சதாலதான் சார் கேக்குறேன்.”

அவர் கையோடு ஒரு கம்பியும் குவளையும் கொண்டுவந்திருந்தார். என் அறை வாசலிலேயே ஊற்றினார். தண்ணீர் கம்பியில் நிற்கவில்லை. மேலிருந்து கீழ்வரை முத்து முத்தாகத் திரண்டு உதிர்ந்தது. அவர் இருபது எண்ணக்கூட வேண்டியிருக்கவில்லை.

ஒரு சொல் போதும். ‘கழுவுங்க’ என்றால் நாலு மணி நேரத்தில் எல்லாம் சரியாகியிருக்கும், யாருக்கும் தெரியவும் வராது. எனக்கு வாய் வரவில்லை. முதலாளிக்குப் பயந்து அல்ல, அவர் அங்கே இல்லை. இந்தப் பெண் சொன்னது சரி என்று ஆகிவிடக் கூடாது என்ற ஒரே எண்ணம். என் கை பட்ட இடத்தில் இன்னொரு முறை தண்ணீர் ஒதுங்கியதை அவர் பார்த்துவிட்டார் என்ற எரிச்சல்.

“தரையெல்லாம் தண்ணியாக்காதீங்க,” என்றேன். “போய் பிரைமர் அடிக்கச் சொல்லுங்க.”

ஐந்து வாரத்தில் பஸ் கம்பெனி கூப்பிட்டது. நானும் முதலாளியும் ஷா ஆலத்தில் இருந்த அவர்கள் பணிமனைக்குப் போனோம். பஸ்ஸுக்குள் ஏறியதும் கண்ணில் பட்டது. கம்பிகளில் மஞ்சள் தோல் சுருண்டு தொங்கியது, மேலிருந்து கீழ்வரை. நான் தேய்த்த எண்ணெய் முழு நீளத்துக்கும் போயிருந்தது. தரையில், இருக்கைகளில், ஜன்னல் விளிம்பில் எல்லாம் செதில்.

பணிமனை மேற்பார்வையாளர் தமிழர். “என்ன சார் இது, சொறி புடிச்ச நாய் மாதிரி?” என்றார். “ஏறுற ஜனங்க கையெல்லாம் ஒட்டுது. ஒரு பாட்டி எங்கிட்ட கைய நீட்டி, இது என்னா வியாதின்னு கேக்குது.”

நான் ஒரு நுனியைக் கட்டைவிரலால் நெம்பினேன். ஒரு முழ நீளத்துக்குச் சத்தமில்லாமல் உரிந்து வந்தது. உட்புறம் வழவழவென்று இருந்தது. தீக்காயத்தில் தோல் உரிவதை நான் பார்த்திருக்கிறேன். முதலாளி என் முகத்தையே பார்த்தார்.

எழுத்தில் விளக்கம் வேண்டும் என்று பஸ் கம்பெனி கேட்டது. காரில் திரும்பும்போது முதலாளி, “பொட்டு வச்சதால உரிஞ்சிச்சின்னு எழுத முடியுமா?” என்றார். “என் வீட்டம்மா தாங்க மாட்டா. நீங்களே பாத்து ஏதாவது எழுதுங்க.”

பார்த்து எழுதினேன். எனக்கு ஆங்கிலம் நன்றாக வரும். கழுவும் பிரிவின் தலைமைத் தொழிலாளியின் கவனக்குறைவால் எண்ணெய் முழுமையாக நீக்கப்படவில்லை என்று எழுதி, அவர் பெயரைப் போட்டேன். அதே வாசகத்தை அவருக்கான எச்சரிக்கைக் கடிதத்திலும் போட்டேன். எழுதும்போது கை நடுங்கியது என்று சொன்னால் அது இன்னொரு பொய். வாக்கியங்கள் சரளமாக வந்தன. ஒரு இடத்தில் சொல்லை மாற்றி இன்னும் கூர்மையாக்கினேன். அது எனக்குச் சந்தோஷமாகக்கூட இருந்தது.

அவரை அழைத்துக் கடிதத்தை நீட்டினேன்.

“என்னா சார் எழுதியிருக்கு?”

“சும்மா ஒரு பார்மாலிட்டி லா. சைன் பண்ணிட்டுப் போங்க.”

அவர் சைன் பண்ணவில்லை. வீட்டுக்கு எடுத்துப் போய் யாரிடமோ கொடுத்துப் படிக்கச் சொல்லியிருக்கிறார். மறுநாள் காலை முதலாளி அறையில் அதை மேசைமேல் வைத்தார். நானும் இருந்தேன்.

“நான் சரியாக் கழுவலன்னு எழுதியிருக்கு.”

“விடும்மா,” என்றார் முதலாளி. “பேப்பருக்கு ஒரு பேர் வேணும், அவ்வளவுதான். வேலைய விட்டு ஒன்ன நிறுத்தவா சொன்னேன்? சைன் பண்ணிட்டு வேலையப் பாரு.”

“கோயில்ல மன்னிப்புக் கேக்கச் சொன்னீங்கன்னா கேக்குறேன். வாய் தவறிச் சொன்னேன்னு சொல்றேன். அது வேற. நான் கழுவலன்னு சொல்லாதீங்க. ஒரு கம்பி குடுங்க, எல்லாரும் நிக்கட்டும், இப்பவே கழுவித் தண்ணி ஊத்திக் காட்டுறேன்.”

“சைன் பண்ண மாட்டியா?”

“மாட்டேன்.”

“அப்பப் போயிரு.”

அவர் என் பக்கம் பார்க்கவில்லை. கூட்டத்தின் முன்னால் என்னைக் கேட்டவர், அன்று கேட்கவில்லை. தன் பிரிவுக்குப் போய்க் கையுறையைக் கழுவி, உட்புறத்தை வெளியே திருப்பி, மறுபடி கழுவிக் காயப்போட்டுவிட்டுப் போனார்.

நான் ஓய்வு பெற்றுப் பிரிக்பீல்ட்ஸில் மகன் வீட்டோடு வந்து சேர்ந்தேன். போன வருஷம் முதலாளி இறந்தார். சாவு வீட்டில் பழைய லோரிக்காரரைப் பார்த்தேன். பேச்சு வாக்கில் அவர் சொன்னார்.

“ச்சீ அக்கா இருக்காங்களே, அந்த லெட்டர இன்னமும் வச்சிருக்காங்க சார். வேற பெயிண்ட் கம்பெனிங்கள்ள வேல கேக்கப் போறப்பல்லாம் அதையும் எடுத்துக்கிட்டுப் போய்க் காட்டுவாங்களாம். ‘இப்படி எழுதியிருக்கு, ஆனா இது பொய்’னு. எவன் வேல குடுப்பான்? நாங்க சொன்னோம், ஏங்க்கா அதக் காட்டுறீங்க, மறைச்சிருங்கன்னு. கேட்டாத்தான. இப்ப ஆஸ்பத்திரித் துணி வெளுக்கிற எடத்துல இருக்காங்க.”

அவரிடமே விலாசம் வாங்கினேன். கிள்ளானில் அடுக்குமாடி வீடு, நான்காவது மாடி, லிப்ட் வேலை செய்யவில்லை. எழுபத்து நான்கு வயதில் அந்தப் படிகளில் ஏறி, கதவு திறந்ததும் எனக்குப் பேச மூச்சில்லை. அவர் தலை நரைத்திருந்தது. எண்ணெய் இல்லை.

“உள்ள வாங்க சார். ஒக்காருங்க.”

நாற்காலியைத் துடைத்துப் போட்டார். தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார். நான் வழியில் மனப்பாடம் செய்துகொண்டு வந்ததைச் சொன்னேன். அந்தக் கடிதத்தை எழுதியது முதலாளி இல்லை, நான்தான் என்றேன்.

“தெரியும் சார். படிச்சிக் காட்டுன டீச்சர் சொன்னாங்க, எழுதுனவருக்கு இங்கிலீசு ரொம்ப நல்லா வருதுன்னு. அங்க வேற யாருக்கு வரும்?”

“என்னை மன்னிச்சிருங்கம்மா.”

அவர் உள்ளே போனார். பிளாஸ்டிக் உறையில் வைத்த அந்தக் கடிதத்தையும், பள்ளிக்கூடத்து நோட்டு ஒன்றையும், பேனாவையும் கொண்டுவந்து என்முன் வைத்தார்.

“எழுதிக் குடுங்க சார். தமிழ்ல.”

இங்கே ஒன்றைச் சொல்லியாக வேண்டும். மன்னிப்புக் கேட்கத்தான் நான் போயிருந்தேன். எழுதிக் கொடு என்றதும் என் மனம் முதலில் தேடியது தப்பும் வழியை.

“முதலாளியே போய்ச் சேந்துட்டாரு. கம்பெனியும் கைமாறிருச்சு. இப்ப எதுக்கும்மா இது?”

“நான் சாகலியே சார்.”

எழுதினேன். ‘தவறு நேர்ந்துவிட்டது’ என்று தொடங்கினேன். அவர் பக்கத்தில் நின்று எழுத்துக் கூட்டாமல் வேகமாகப் படித்தார்.

“யாரு செஞ்சு நேந்துச்சு?”

தாளைக் கிழித்துவிட்டு மறுபடி எழுதினேன். ‘அவர் கம்பிகளை நன்றாகவே கழுவியிருந்தார் என்று நினைக்கிறேன்.’

“நெனைக்கிறீங்களா? பாத்தீங்களா?”

“பாத்தேன்.”

“அப்ப அத எழுதுங்க.”

மூன்றாவது தாளில் எழுதினேன். இருநூறு கம்பிகளையும் அவர் சுத்தமாகக் கழுவியிருந்தார். அதை நான் பார்த்தேன். எண்ணெய்க் கை பட்ட பிறகு ஒரே துணியால் எல்லாவற்றையும் துடைத்து அழுக்காக்கியது நான். திரும்பக் கழுவுகிறேன் என்று அவர் கேட்டபோது வேண்டாம் என்றவனும் நான். பிறகு அவர் மேல் பொய் எழுதினேன். அடையாள அட்டை எண்ணையும் போடச் சொன்னார், போட்டேன். கையெழுத்திட்டேன்.

அவர் அதை வாய்விட்டு ஒருமுறை படித்தார். ‘சுத்தமாக’ என்ற இடத்தில் ஒரு கணம் நின்று, மேலே படித்தார். மை காயட்டும் என்று கொஞ்ச நேரம் பிடித்துக்கொண்டிருந்துவிட்டு, பழைய கடிதம் இருந்த அதே உறைக்குள், அதன் முதுகோடு முதுகாக வைத்தார்.

நான் எழுந்து நின்றேன். கேட்டதற்கு இன்னும் பதில் வரவில்லை. இன்னொரு முறை கேட்க எனக்கு வெட்கமாக இருந்தது, ஆனாலும் கேட்டேன்.

“என் மேல இன்னும் கோவமா?”

அவர் யோசித்தார். எனக்காக நல்ல சொல் தேடவில்லை, தனக்குள் இருப்பதைச் சரியாகப் பார்த்துச் சொல்ல விரும்பினார் என்று தெரிந்தது.

“கோவமெல்லாம் போயிருச்சு சார். ஒங்களப் பாத்தா அருவருப்பா இருக்கு. அது போவல. போவும்னு சொல்லிப் பொய் சொல்ல மாட்டேன்.”

வாசல் வரை வந்தார். எங்களிடையே யாரையும் வீட்டிலிருந்து அனுப்பும்போது, ‘போயிட்டு வாங்க’ என்றுதான் சொல்வார்கள். பிடிக்காதவரிடமும், திரும்பி வரவே போகாதவரிடமும் வாயில் அதுதான் வரும்.

“போங்க சார்,” என்றார் அவர். “படி வழுக்கும், பாத்து எறங்குங்க.”